பனிக்காலத்து விருந்தாளிகள்

"இங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கு அக்கா. அங்கே எப்படி?" என்று டொரான்டோவிலிருந்து என் தங்கை ஒவ்வொரு மார்கழியிலும் போனில் கேட்பாள்.

"இங்கேயும் பனிதான்டி! நேத்து ராத்திரி மாடியில மறந்து விட்ட துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அவர்கள் ஊரில் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவதும் பனி. நம் ஊரில் கோலம் போடும்போது தலையில் முக்காடு போட வைப்பதும் பனி. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தானே!

போன மார்கழியில் தங்கை தன் பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு கடலூருக்கு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அங்கே ஒரு பொழுதுபோக்கு. ஜன்னலுக்கு வெளியே சூரியகாந்தி விதை போட்ட ஒரு கூண்டுத் தட்டைத் தொங்க விட்டுவிட்டு, பனி பெய்யும் நாளெல்லாம் என்னென்ன பறவை வருகிறது என்று நோட்டில் எழுதுவாளாம். சிவப்புப் பட்டுடுத்தியது போல ஒரு 'கார்டினல்' வருமாம். கறுப்புத் தொப்பி வைத்த 'சிக்கடி' என்றொரு குருவி வருமாம். பத்துப் பன்னிரண்டு கிராம் எடை, அதாவது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை அளவுதான் அதன் உடம்பு. அத்தனை குளிரிலும் வேறு ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்து சமாளிக்குமாம்!

"பெரியம்மா, உங்க ஊர்ல என்ன பறவை இருக்கு?" என்று கேட்டாள்.

"காக்கா இருக்கு" என்றேன். உண்மையில் எனக்கு வேறு பதில் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இதே ஊரில் குடித்தனம் செய்கிறேன். வாழைக்காய் விலை தெரியும், எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியும். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது எப்போது என்று யோசித்தால் பதில் வரவில்லை. சரி, சிதம்பரம் நடராஜரைத் தரிசித்துவிட்டு அப்படியே பிச்சாவரம் போய் வரலாம் என்று கிளம்பினோம்.

விடியற்காலைப் பயணம்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தோம். குழந்தைக்கு ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர் என்று நான் சுற்ற, "இது எனக்கு சம்மர் பெரியம்மா!" என்று சிரித்தாள்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்போது மெல்ல வெளிச்சம் வந்தது. சம்பா பயிர் மேல் புகை போலப் பனி. அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "கொக்கு!" என்று ஜன்னலோரம் குதித்தாள். பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் கொக்கைப் பார்த்து யார் குதித்திருக்கிறார்கள்? பி.முட்லூர் கடந்து வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது மின்கம்பி நெடுக, மணி கோத்தது போல உட்கார்ந்திருந்த சின்னஞ்சிறு குருவிகளைக் காட்டினாள். தகைவிலான் என்று பெயர். நம் பக்கத்துக் கிராமங்களில் 'தலையில்லாக் குருவி' என்பார்கள். குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கே இருந்து வந்து தங்குகிற குருவி என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கோவிலில் மார்கழி மாதத்துக்கே உரிய திருவெம்பாவை ஒலி. பொன்னம்பலத்தில் கும்பிட்டு வெளியே வந்தால் பசி வயிற்றைக் கிள்ளியது. மிளகு சீரக வாசனையோடு சம்பா சாதமும், அதற்கென்றே பிறந்த கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். சிதம்பரம் போய் இதைச் சாப்பிடாமல் வந்தால் பாதி யாத்திரைதான் ஆகும்!

இந்த ஊருக்குத் தில்லை என்று பெயர் வந்ததே தில்லை மரத்தால்தான். கோவிலின் தல விருட்சம் அது. அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் உப்பங்கழிக்குப் போக வேண்டும். ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் படகுக்காரர்கள் அதைத் தொட விடுவதில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நிற்கும் காடு

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் போல் போனால் பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேரும் இடங்களுக்கு நடுவே, ஆயிரத்து நூறு ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது இந்தச் சுரபுன்னைக் காடு. 1975ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'இதயக்கனி' படத்தில் இந்தக் காட்டைப் பார்த்திருப்பீர்கள். 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. பறவை பார்க்க என்றால் துடுப்புப் படகுதான் சரி. சத்தம் கிடையாது, குறுகலான கால்வாய்களுக்குள்ளும் நுழையும்.

படகு ஒரு வளைவு திரும்பியதுதான் தாமதம், இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்துக்கொண்டு பந்தல் போட்டன. சுரபுன்னை மரம் பந்தக்கால் நட்டது போல நாலாபக்கமும் முட்டு வேர்களை ஊன்றி நிற்கிறது. அதன் விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் காய் போலத் தொங்கி, அதன் பிறகுதான் சேற்றில் விழுகிறது. பிள்ளையை மடியிலேயே வளர்த்து, நடக்கத் தெரிந்த பிறகு இறக்கி விடுகிற தாய் மாதிரி! வெண்கண்டல் மரமோ சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர்களை மேலே நீட்டியிருக்கிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். படகுக்காரத் தம்பி ஓர் இலையை நக்கிப் பார்க்கச் சொன்னார். கரித்தது!

2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது எங்கள் கடலூர் மாவட்டம் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது. அன்று இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குக்கிராமங்களுக்குச் சேதம் குறைவு. அலையின் வேகத்தை மரங்கள் தாங்கிக்கொண்டன. பின்னால் நடந்த ஆராய்ச்சிகளும் அதையே சொல்லின. "இது எங்களுக்குக் காடு இல்லம்மா, கோட்டைச் சுவர்" என்றார் தம்பி.

சைபீரியாவிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பயணம்

தண்ணீர் வற்றும் நேரம் அது. சேறு வெளியே தெரிந்த இடத்தில் சின்னச் சின்னதாய்ப் பறவைகள் ஓடிக்கொண்டிருந்தன. நிமிஷம் ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டு ஓர் உள்ளான். சிவந்த கால்களுடன் இன்னொரு வகை. வளைந்த நீள அலகைச் சேற்றுக்குள் விட்டு, ஊசி கொண்டு முள் எடுப்பது போல எதையோ எடுத்துத் தின்கிறது வேறொன்று. மரக்கிளையில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு நீர்க்காகம். சளக்கென்று நீல மின்னலாக ஒரு மீன்கொத்தி. தலைக்கு மேலே செம்பருந்து வட்டமிட, நான் வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இதுங்க எல்லாம் குளிருக்குப் பயந்து இங்கே வருதா?" என்று கேட்டேன். தங்கை மகள் பெரிய டீச்சர் போலத் தலையாட்டினாள். குளிரைவிடப் பசிதான் பெரிய காரணமாம். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பனி விழுந்து நிலம் கல்லாய் இறுகிவிட்டால் புழு பூச்சி கிடைக்காது. நம் உப்பங்கழிச் சேறு ஒரு நாளும் உறையாது. சேற்றைக் கிண்டினால் புழு, நண்டுக் குஞ்சு, நத்தை என்று பந்தி விரித்து வைத்தாற்போல் கிடைக்கும். அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் மலை தாண்டி வருகின்றன. சிட்டுப்போல இருக்கும் சிக்கடிக்குச் சூரியகாந்தி விதை கிடைக்கிறது, பனியிலும் அங்கேயே இருக்கிறது. சேற்றை நம்பிப் பிழைப்பவை கிளம்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். பட்டைவால் மூக்கன் என்று ஒரு கரையோரப் பறவை. 2022ல் பிறந்து ஐந்தே மாதம் ஆன ஒரு குஞ்சு, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தைப் பதினோரு நாளில் கடந்ததாம். வழியில் எங்கேயும் இறங்கவில்லை, தின்னவில்லை, குடிக்கவில்லை. உடம்பில் கட்டியிருந்த சின்னக் கருவி மூலம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை குப்புற விழுந்தால் பாயசம் வைப்போம்!

ஒரு பொய்

அப்போதுதான் அது நடந்தது. முட்டு வேர் ஒன்றின் மேல், கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, மண் நிறத்தில் ஒரு பறவை. படகு நெருங்கியதும் எழும்பியது. எழும்பின நிமிஷத்தில் மண் நிறமெல்லாம் மாயமாய் மறைந்து, பால் வெள்ளைச் சிறகு!

"மடையான்" என்றேன் நான். "உட்கார்ந்தா மண்ணு, பறந்தா பாலு. கொக்கு மாதிரி தெரியும், ஆனா உடம்பு ரொம்ப சின்னது. சிறகுக்கு அடியில பஞ்சு மாதிரி இருக்கும். தோல் காகிதம் மாதிரி மெல்லிசு. நெஞ்செலும்பு கத்தி மாதிரி நீட்டிட்டிருக்கும்..."

குழந்தை வியந்து போனாள். "உங்களுக்கு எப்படி இவ்ளோ தெரியும் பெரியம்மா?"

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த தம்பி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"புத்தகத்துல படிச்சேன்" என்றேன். அவள் உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள். 'பெரியம்மாவுக்கு மடையானைப் பற்றி நிறையத் தெரியும்.' எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அதன் பிறகு பார்த்த பறவை எதுவும் மனதில் நிற்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில்

மத்தியானம் திரும்பும் வழியில் ஒரு கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றோம். புளிய மரத்தடியில் ஒருவர் சாக்குப் பையுடன் நின்றிருந்தார். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையுடன் ஒரு இளம் பெண் அவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தையின் நெஞ்சில் 'கீச் கீச்'சென்று சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சாக்கு திறந்தபோது உள்ளே இறகு உரித்த சின்ன உடம்புகள்.

என் கால் தானாக நடந்தது. "ஏம்மா, குழந்தைக்கு வீசிங்கா?"

"ஆமாக்கா. பனி வந்தாலே இப்படித்தான். கொக்குக் கறி குடுத்தா போயிடும்னு மாமியார் வாங்கியாரச் சொன்னாங்க."

"நானும் குடுத்தேம்மா" என்றேன். "என் பையனுக்கு நாலு வயசு அப்போ. ராத்திரியெல்லாம் இழுப்பு. பக்கத்துல ஒருத்தர் சொன்னாங்கன்னு மடையான் வாங்கி, நானே உரிச்சு, மிளகு போட்டு சூப் வெச்சுக் குடுத்தேன். ஒரு பனிக்காலம் முழுக்கக் குடுத்தேன். இழுப்பு நிக்கலே. கடைசியில டாக்டர் இன்ஹேலர் குடுத்து, அதை எப்படி உபயோகிக்கணும்னு சொல்லிக் குடுத்தார். அதுலதான் நின்னுது. இப்போ காலேஜுல கிரிக்கெட் ஆடறான்."

"இன்ஹேலர் பழகிடும்னு சொல்றாங்களேக்கா..."

"நானும் அப்படித்தான் பயந்தேன். அந்தப் பயத்துல ஒரு வருஷம் என் பிள்ளையைச் சும்மா கஷ்டப்பட விட்டேன்."

சாக்குக்காரர் அதற்குள் சாக்கைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். டாக்டரிடம் போனாளா, அடுத்த வாரம் அதே மரத்தடிக்கு வந்தாளா, எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தால் தங்கை மகள் பின்னால் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டின பிறகு, "அண்ணாவுக்கு இப்போ சரியாயிடுச்சா?" என்றாள்.

"சரியாயிடுச்சுடா."

"எத்தனை மடையான்?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஏன் புத்தகம்னு சொன்னீங்க?"

"வெட்கமா இருந்தது."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனாள். நோட்டில் எழுதியதை அவள் அடிக்கவில்லை. நானும் அடிக்கச் சொல்லவில்லை.

நம்மால் ஆகக்கூடியது

சகோதரிகளே, இளைப்புக்கு மருந்து கொக்கிலும் இல்லை, மடையானிலும் இல்லை, உள்ளானிலும் இல்லை. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விஷம் வைத்துப் பிடித்த பறவையாக இருந்தால், நோயாளிக் குழந்தைக்கு நாமே விஷத்தைக் கரைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? மார்கழிப் பனியில் குழந்தைக்கு இழுப்பு வந்தால் புகை, தூசு, கொசுவத்தி, சாம்பிராணிப் புகை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். டாக்டர் சொன்ன மருந்தைச் சொன்னபடி கொடுங்கள். கொஞ்சம் தேவலை என்றதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. விலா எலும்பு உள்வாங்க மூச்சு விட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பறவை பார்ப்பதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று நினைக்காதீர்கள். 1923ல் பிகாரில் பிறந்த ஜமால் ஆரா என்ற பெண்மணி பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். காடு காடாகச் சுற்றிப் பறவைகளைக் கவனித்து எழுதினார். குழந்தைகளுக்காக அவர் எழுதிய பறவைப் புத்தகத்தை 1970ல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. நானும் அதே பத்தாம் வகுப்புக்காரிதான் என்பதால் இதைப் படித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது!

2015லிருந்து தமிழ்நாட்டில் வருஷா வருஷம் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி, செல்போனிலேயே பதிவு செய்யலாம். இந்தப் பொங்கலுக்கு நானும் மாடியில் நின்று எண்ணினேன். காக்காய் பதினாறு, மைனா நாலு, பச்சைக்கிளி மூன்று, தவிட்டுக் குருவி ஏழு, எதிர் வீட்டுத் தென்னையில் ஒரு செம்பருந்து. வடாம் காயப் போடும் நேரம்கூட ஆகவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மார்கழி, தை மாதங்களில் போவது நல்லது. மழைக்காலம் ஓய்ந்திருக்கும், வெளியூர்ப் பறவைகளும் இருக்கும். காலையிலேயே படகு ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். தண்ணீர் வற்றும் நேரம் எப்போது என்று படகுத் துறையில் கேட்டுக்கொண்டால் சேற்றில் இரை தேடும் பறவைகளைப் பார்க்கலாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் புடவை வேண்டாம். பச்சை, பழுப்பு நிறம் உடுத்துங்கள். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் படகில் ஏற்றாதீர்கள். காதுக்கு மப்ளர், தலைக்குத் தொப்பி, இளைப்பு உள்ள குழந்தைக்கு மறக்காமல் இன்ஹேலர். புளியோதரையும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். ஆனால் ஒரு பிளாஸ்டிக் காகிதம்கூடத் தண்ணீரில் விழக் கூடாது. கூடு தெரிந்தால் கிட்டே போகாதீர்கள், கை தட்டாதீர்கள், கல் எறியாதீர்கள்.

தங்கையும் குழந்தையும் ஊருக்குப் போய்விட்டார்கள். போன வாரம் போனில் குழந்தை கேட்டாள். "பெரியம்மா, உங்க வீட்டுக்குப் பக்கத்துக் குட்டையில மடையான் வருதா?"

"வருதுடா. தினமும் ஒண்ணு வருது."

"நோட்டுல எழுதறீங்களா?"

பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் புளிய மரத்தடிப் பெண் எந்த ஊர் என்று கேட்க மறந்துபோனேன். அவள் வீட்டிலும் யாராவது இந்தப் பத்திரிகையைப் படிக்கக் கூடும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவையும் எழுதினேன்.